உறுத்தும் இடத்தில் நில்லுங்கள்

விதைப்பவர் உவமை என்றதும் அடுத்து என்ன வரும் என்று நமக்குத் தெரியும். வழியோரம், பாறை, முட்செடிகள், நல்ல நிலம். மறைக்கல்வி வகுப்பில் அதைப் படமாக வரைந்து வண்ணம் தீட்டியவர்கள் நாம். பங்குத் திருவிழாவில் அதையே நாடகமாகப் போட்டவர்களும் உண்டு. ஆகவே ஞாயிறு திருப்பலியில் குருவானவர் வாசிக்கத் தொடங்கிய இரண்டாவது வரியிலேயே, ‘ஓ, அந்தக் கதையா’ என்று மனம் எழுந்து போய்விடுகிறது. உடம்பு மட்டும் நின்றுகொண்டிருக்கும். உவமைகள் புரியவில்லை என்று சொல்பவர்கள் குறைவு. நன்றாகத் தெரிந்துவிட்டது என்ற நினைப்புதான் பெரும்பாலோருக்குத் தடை.

இன்னொரு தடை, நீதி எடுக்கும் பழக்கம். பள்ளியில் ஒவ்வொரு கதைக்கும் கீழே ‘நீதி’ என்று ஒரு வரி எழுதிப் பழகிவிட்டோம். காணாமற்போன மகன் என்றால் மனம் திரும்ப வேண்டும். நல்ல சமாரியர் என்றால் பிறருக்கு உதவ வேண்டும். தாலந்து என்றால் திறமையை வளர்க்க வேண்டும். இவற்றில் எதுவும் பிழையில்லை. ஆனால் நீதியைப் பிழிந்து எடுத்த கையோடு கதையைச் சக்கையாக எறிந்துவிடுகிறோம். அதன்பின் கதையைச் சொன்னவரோடு பேச நமக்கு எதுவும் இருப்பதில்லை. செபம் தொடங்க வேண்டிய இடத்தில் பாடம் முடிந்துவிடுகிறது.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான். ஒவ்வோர் உவமையிலும் ஏதோ ஓரிடம் உங்களை உறுத்தும். நியாயமாகப் படாது, அல்லது எரிச்சலூட்டும், அல்லது பயமுறுத்தும். அந்த இடத்தில் உங்களுக்கு நீங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு கடந்து போய்விடாதீர்கள். அங்கேயே நில்லுங்கள். அதை ஆண்டவரிடம் பேசுங்கள். கீழே வரும் முறைகள், நேரங்கள், குறிப்பேடு எல்லாம் அதற்கான ஏற்பாடுகள் மட்டுமே.

ஏன் உறுத்தும் இடம்? இயேசு சொன்ன கதைகளை நிதானமாகப் பாருங்கள். எல்லாமே அன்றாட வாழ்க்கையில் தொடங்குகின்றன: வயல், ஆடு, மாவு, கடன், கூலி, கல்யாணம். கொஞ்ச தூரம் போனதும் யாரோ ஒருவர் அந்த உலகத்தில் யாரும் செய்யாததைச் செய்கிறார். காணாமற்போன ஓர் ஆட்டுக்காக 99 ஆடுகளைப் பாலைநிலத்தில் விட்டுவிட்டுப் போகிறார். வயதான தகப்பன், ஊர் பார்க்கத் தெருவில் ஓடுகிறார். ஒரு முதலாளி, கணக்குக்குப் பொருந்தாமல் கூலி கொடுக்கிறார். கதை உலக வழக்கத்தை விட்டு விலகும் அந்தப் புள்ளியில்தான் கடவுள் எப்படிப்பட்டவர் என்பது வெளிப்படுகிறது. நம் மனம் முரண்டு பிடிப்பதும் பெரும்பாலும் அதே புள்ளியில்தான்.

பழைய இரண்டு பாதைகள்

திருச்சபையில் இறைவார்த்தையோடு செபிக்கும் முறைகள் பல இருந்தாலும் நமக்கு இங்கே பயன்படுபவை இரண்டு. முதலாவது, துறவு மடங்களிலிருந்து வந்தது. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் கர்த்தூசியன் மடத் தலைவராக இருந்த இரண்டாம் கீகோ, தம் நண்பரான ஒரு துறவிக்கு எழுதிய மடலில் நான்கு படிகள் கொண்ட ஏணியாக இதை விளக்கினார்: வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், பின் சொற்களை விட்டு இறைவன் முன் சும்மா இருத்தல். 2010இல் வெளியான ‘ஆண்டவரின் வார்த்தை’ என்னும் திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், இந்த முறை செயலில் போய் முடியாதவரை நிறைவு பெறுவதில்லை என்றும் நினைவூட்டினார்.

இரண்டாவது, லொயோலா புனித இஞ்ஞாசியாருடையது. 1521இல் பம்ப்லோனாக் கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு காலை நொறுக்க, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார் அவர். வீரக்கதைகள் கேட்டவருக்கு அந்த வீட்டில் கிடைத்தவை புனிதர்களின் வரலாறும் கிறிஸ்துவின் வாழ்க்கையும். பின்னதை எழுதிய சாக்சோனி லுடோல்ஃபும் ஒரு கர்த்தூசியன் துறவிதான். நற்செய்தி நிகழ்ச்சிகளை இப்போது கண்முன் நடப்பவை போலப் பார்க்கும்படி அவர் வாசகரைத் தூண்டியிருந்தார். அதைத்தான் இஞ்ஞாசியார் பின்னால் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் ஒழுங்கான முறையாக்கினார். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அந்நூலுக்கு ஒப்புதல் அளித்தார். இடத்தை மனக்கண்ணால் பாருங்கள், ஆட்களைப் பாருங்கள், அவர்கள் பேசுவதைக் கேளுங்கள், பிறகு ஆண்டவரோடு நண்பரிடம் பேசுவதுபோல் பேசுங்கள் என்பது அதன் சாரம்.

உவமைக்கு இந்த இரண்டும் வேண்டும். கீகோவின் வழி வார்த்தையை நிதானமாக உள்வாங்கக் கற்றுத்தரும். இஞ்ஞாசியாரின் வழி நம்மைக் கதைக்குள் இறக்கிவிடும். எது முதலில், எது பின்னால் என்று அலட்டிக்கொள்ள வேண்டாம்.

உட்காரும் முன்

அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முடியாதவர்கள் 20 நிமிடம். அதற்கும் குறைந்தால் மனம் அடங்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். பிள்ளைகள் எழுமுன் வீட்டிலோ, திருப்பலிக்கு முன்னதாகவே போய்க் கோயிலிலோ, மதிய இடைவேளையில் அலுவலக மாடிப்படியிலோ, எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். ஒரே நேரமும் ஒரே இடமும் அமைந்தால் நல்லது. விவிலியத்தைக் கைப்பேசியில் வாசிப்பதில் தவறில்லை. ஆனால் நடுவில் வரும் குறுஞ்செய்தி உங்களை யெருசலேமிலிருந்து ஒரே நொடியில் வீட்டு வாடகைக்குக் கொண்டுவந்துவிடும். அச்சுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு பெரும்பாலான கத்தோலிக்க வீடுகளில் இருக்கிறது.

எந்த உவமை என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிடுங்கள். படுக்கும் முன் ஒருமுறை வாசித்துவிட்டுத் தூங்கினால் போதும். காலையில் உட்கார்ந்தபின் பக்கத்தைப் புரட்டித் தேடத் தொடங்கினால் அந்த அரை மணி நேரம் தேடலிலேயே போய்விடும்.

உட்கார்ந்ததும், ஆண்டவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை ஒரு நிமிடம் நினையுங்கள். பிறகு உங்களுக்கு என்ன வேண்டுமோ அதைக் கேளுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். இஞ்ஞாசியார் ஒவ்வொரு செபத்தின் தொடக்கத்திலும் இதை வற்புறுத்துகிறார். ‘ஆண்டவரே, உம்மை இன்னும் நன்றாக அறிய வேண்டும்’ என்பது எப்போதும் பொருந்தும். அன்றைக்கு மனத்தில் வேறொரு பாரம் இருந்தால் அதைச் சொல்லியே தொடங்குங்கள். மகனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் தாய், அதை ஒளித்து வைத்துவிட்டு லூக்கா 15ஐ வாசித்தால் வார்த்தைகள் மேலோடு போய்விடும்.

இதை யாரிடம் சொன்னார்?

உவமையைக் காட்சித் தியானமாகச் செய்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெத்லகேம் பிறப்பு, கானா திருமணம் போன்றவை நடந்த நிகழ்ச்சிகள். அங்கே போய் நின்றால் இயேசுவைப் பார்க்கலாம். உவமையோ அவர் சொன்ன கதை. கதைக்குள் நேராகப் புகுந்துவிட்டால் அங்கே விவசாயி இருப்பார், நடுவர் இருப்பார், இயேசு இருக்கமாட்டார். ஆகவே முதலில் கதைக்கு வெளியே நில்லுங்கள். கதை சொல்லும் இயேசுவையும், கேட்டுக்கொண்டிருக்கும் ஆட்களையும் பாருங்கள்.

இதற்கு எளிய வழி, உவமை தொடங்குவதற்கு முன்னுள்ள சில வசனங்களையும் சேர்த்து வாசிப்பது. லூக்கா 12இல் அறிவற்ற செல்வர் உவமையை மட்டும் வாசித்தால் பேராசை பற்றிய கதையாகத் தெரியும். 13ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் கையைத் தூக்குகிறார். சொத்தைப் பங்கு பிரித்துத் தரும்படி என் சகோதரனிடம் சொல்லும் என்கிறார். பாகப்பிரிவினை வழக்கு! நம் குடும்பங்களில் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போனதற்கெல்லாம் காரணம் இதுதானே. இயேசு தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டுக் கதை சொல்கிறார். கேட்டவருக்கு எப்படி இருந்திருக்கும்? நியாயம் கேட்க வந்தவருக்குக் கதை கிடைத்தால்? அந்த ஏமாற்றத்தோடு கூட்டத்தில் நின்று கேளுங்கள். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டும் செல்வர் அப்போது வேறு மாதிரி தெரிவார்.

லூக்கா 15இல் பரிசேயரும் மறைநூல் அறிஞரும் முணுமுணுக்கிறார்கள், இவர் பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்று. லூக்கா 10இல் சட்ட அறிஞர் ஒருவர் தம்மை நேர்மையாளராகக் காட்டிக்கொள்ள, எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று கேட்கிறார். மத்தேயு 18இல் எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கணக்குக் கேட்கிறார். பெரும்பாலான உவமைகள் இப்படி யாரோ ஒருவரின் கேள்விக்கோ முணுமுணுப்புக்கோ பதிலாக வந்தவை. அந்தக் கேள்வி உங்களிடமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கதை உங்களிடம்தான் சொல்லப்படுகிறது.

அதன்பின் கதைக்குள் போகலாம். போகும்போது இடத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல சமாரியர் உவமையில் வரும் பாதை யெருசலேமிலிருந்து எரிகோவுக்கு 30 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் ஏறத்தாழ 1,000 மீட்டர் இறங்குகிறது. வறண்ட மலைச்சரிவு, வளைவுகள், ஒளிந்துகொள்ளப் பாறை இடுக்குகள். விழுந்து கிடப்பவரைத் தொட ஒரு வினாடி நின்றாலும் அடுத்த பாறைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத இடம். இது தெரிந்தபின் குருவையும் லேவியரையும் அவ்வளவு எளிதாகத் திட்ட முடியாது.

திராட்சைத் தோட்டத்தில் ஒரு வாரம்

இனி ஓர் உவமையை முழுவதுமாகச் செய்து பார்க்கலாம். மத்தேயு 20:1-16, தோட்ட வேலையாள்கள். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், வாசித்தவுடன் நியாயமில்லை என்று படாதவர்கள் மிகக் குறைவு. ஒரு வாரம் இதோடேயே இருங்கள். தினம் ஒரு புதிய பகுதி என்று ஓடுவதைவிட, சுவை கண்ட இடத்துக்கு மறுபடியும் வருவதே இஞ்ஞாசியார் காட்டும் வழி.

முதல் நாள் வெறுமனே வாசியுங்கள். 19ஆம் அதிகாரம் 27ஆம் வசனத்திலிருந்து தொடங்கி 20ஆம் அதிகாரம் 28 வரை. நாங்கள் எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்கிறார். அதைத் தொடர்ந்து இந்த உவமை வருகிறது. உவமை முடிந்து சிறிது தூரத்தில் செபதேயுவின் மனைவி தம் இரண்டு மக்களுக்கு வலப்புறமும் இடப்புறமும் இருக்கை கேட்டு வருகிறார். கதையைக் கேட்டும் யாருக்கும் உறைக்கவில்லை என்பதை மத்தேயு ஒளிக்கவில்லை. நமக்கு இது ஆறுதல்.

இரண்டாம் நாள் சந்தைவெளிக்குப் போங்கள். நம் ஊர்களில் விடியற்காலை கொத்தனார், சித்தாள் வேலைக்குத் தூக்குவாளியோடு ஆட்கள் காத்து நிற்கும் முக்குகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி, ஒரு குடும்பத்தின் அன்றைய சாப்பாடு. விடியற்காலை வந்தவர்களிடம் மட்டுமே தொகை பேசப்படுகிறது. ஒன்பது மணிக்கு வந்தவர்களிடம் உரியதைத் தருவேன் என்கிறார் உரிமையாளர். மாலை ஐந்து மணிக்கும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, யாரும் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். இந்தப் பதிலைச் சொன்னவரின் முகத்தைப் பாருங்கள். வயதானவரா? ஒல்லியானவரா? கை ஊனமானவரா? நாள் முழுதும் ஒவ்வொரு முறையும் முன்னால் போய் நின்று, ஒவ்வொரு முறையும் விடப்பட்டவர். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டுமே என்ற நினைப்பு அவருக்கு எப்போது வந்திருக்கும்? நீங்கள் எந்த மணிக்கு வந்தவர் என்றும் கேட்டுப் பாருங்கள். குழந்தைத் திருமுழுக்குப் பெற்ற நாம் எல்லாரும் விடியற்காலை வந்தவர்கள் என்றுதான் முதலில் தோன்றும். அது உண்மைதானா என்பது இரண்டு மூன்று நாளில் தெரியும்.

மூன்றாம் நாள் மாலை வரிசை. கூலியை அன்றன்றே, பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம் (இணைச்சட்டம் 24:15). ஆகவே எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் வந்தவரிலிருந்து தொடங்கச் சொல்கிறார் உரிமையாளர். இங்கேதான் கதை உறுத்துகிறது, அதுவும் இருமுறை. முதலாவது, எல்லாருக்கும் ஒரே கூலி. அதைவிடக் கூர்மையானது இரண்டாவது. முதலில் வந்தவருக்கு முதலில் கொடுத்திருந்தால் அவர் தெனாரியத்தை வாங்கிக்கொண்டு மனநிறைவோடு வீட்டுக்குப் போயிருப்பார். பிரச்சினையே எழுந்திருக்காது. உரிமையாளர் வேண்டுமென்றே அவர்களை நிற்கவைத்துப் பார்க்கச் செய்கிறார். ஏன்?

பதில் தேடி விளக்கவுரைகளைப் புரட்டாதீர்கள். விளக்கவுரைகள் நல்லவை, வேறொரு நேரத்தில் வாசிக்கலாம். இப்போது அந்த ‘ஏன்’ என்பதை உரிமையாளரிடமே கேளுங்கள். நீங்கள் வெயிலில் 12 மணி நேரம் உழைத்தவராக, கையில் ஒற்றைத் தெனாரியத்தோடு நின்று கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு பேசுங்கள். திருப்பாடல்களில் கோபமான மன்றாட்டுகள் எத்தனை இருக்கின்றன! செபத்தில் மரியாதைக்காகப் பொய் சொல்லத் தேவையில்லை. உதாரணமாக, ஒருவருடைய பேச்சு இப்படி இருக்கலாம்:

“ஆண்டவரே, எனக்கு இது பிடிக்கவில்லை. இருபது வருடமாகப் பீடத்துக்குப் பூ வைக்கிறேன். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன மாதம் வந்தவளைப் பாடகர் குழுவுக்குத் தலைவியாக்கிவிட்டார்கள். பங்குச் சாமியார் அவளைப் பாராட்டி அறிவிப்பிலேயே சொன்னார். நீரும் பேசாமல்தானே இருந்தீர்?”

சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று நீங்களே வசனம் எழுதி வாயில் வைக்காதீர்கள். பேசாமல் காத்திருங்கள். ஒன்றும் நடக்காமலே நேரம் முடியலாம். சில நாள், இத்தனை ஆண்டுகளும் கூலிக்காகவா வைத்தேன் என்ற கேள்வி தானாக மேலே வரும். வேறொரு நாள், அந்தப் புதியவளின் வீட்டில் என்ன கஷ்டமோ என்ற நினைப்பு வரும். இன்னொரு நாள், விடியற்காலையிலிருந்து அவர் தோட்டத்திலேயே, அவர் பக்கத்திலேயே இருந்தது நினைவுக்கு வந்து அழுகை வரலாம். எது வருகிறதோ அதோடு இருங்கள். முடிவில் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ செபத்தை மெதுவாகச் சொல்லுங்கள். அதில் அன்றன்றுள்ள உணவைக் கேட்கும் வரி, இந்த உவமைக்குப்பின் வேறு கனத்தோடு வரும்.

மீதமுள்ள நாட்களில் புதிதாக எதையும் தேட வேண்டாம். உறுத்திய இடத்துக்கும் ஆறுதல் தந்த இடத்துக்கும் மட்டும் திரும்பிப் போங்கள். ஐந்தாவது, ஆறாவது நாளில் சலிப்பு வரும். எழுந்து போய்விடலாம் என்று தோன்றும்போது ஒதுக்கிய நேரத்துக்குமேல் ஒரு நிமிடமாவது கூடுதலாக உட்காருங்கள். இதுவும் இஞ்ஞாசியார் சொன்னதுதான். வறட்சியான நாளில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளும் சோதனைக்கு எதிர்த்திசையில் போகச் சொல்கிறார்.

இந்தக் கதைக்கு முடிவு இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். முணுமுணுத்தவர் தெனாரியத்தை வாங்கிக்கொண்டு போனாரா, மறுநாள் வேலைக்கு வந்தாரா, சொல்லப்படவில்லை. லூக்கா 15இல் மூத்த மகன் வீட்டுக்குள் வந்தானா தெரியாது. லூக்கா 13இல் கூடுதலாக ஓர் ஆண்டு கேட்டு வாங்கிய தோட்டக்காரரின் அத்திமரம் காய்த்ததா தெரியாது. வாரத்தின் கடைசி நாளில் அந்த முடிவை உங்கள் பெயரில், உங்கள் வாழ்க்கையில், ஒரே ஒரு செயலாகத் தீர்மானியுங்கள். மேலே பேசியவருக்கு அது, அடுத்த ஞாயிறு பாட்டு நன்றாக இருந்தது என்று அந்தப் புதியவளிடம் சொல்வதாக இருக்கலாம். சிறியதாக, செய்யக்கூடியதாக, நாள் குறித்ததாக இருக்கட்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

சில உவமைகளில் உறுத்தும் இடம் எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். மன்னிக்க மறுத்த பணியாளர் உவமையில் (மத்தேயு 18:21-35) அரசருக்கு வரவேண்டிய கடன் பத்தாயிரம் தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். ஆக 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க 2 லட்சம் ஆண்டுகள் வேண்டும். பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் தந்துவிடுகிறேன் என்று அவர் கெஞ்சுவது எவ்வளவு பெரிய கனவு!

இதுவரை மறையுரைகளில் கேட்டிருப்போம். அடுத்த எண்ணைத்தான் நாம் கவனிப்பதில்லை. உடன் பணியாளர் தரவேண்டியது 100 தெனாரியம். மூன்று மாதத்துக்குமேல் உழைத்த கூலி. அதை அற்பத்தொகை என்று சொல்ல முடியாது. கைமாற்று கொடுத்து ஏமாந்தவர்களுக்கு அது புரியும். நமக்கு எதிராகச் செய்யப்பட்ட தீமையை ஒன்றுமில்லை என்று இயேசு ஒதுக்கிவிடவில்லை. அது உண்மையான கடன்தான். மன்னிப்புக்காகச் செபிப்பவர்கள் முதலில் அந்த நூறு தெனாரியத்தின் முழு எடையையும் ஆண்டவர்முன் வைக்க வேண்டும். யார், என்ன செய்தார், எனக்கு என்ன போயிற்று? அதைச் சொல்லாமல் மன்னித்துவிட்டேன் என்று அவசரமாகச் சொல்பவர்கள், அடுத்த குடும்ப விசேஷத்தில் அதே ஆளைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போய் உட்காருவார்கள்.

அடிக்கடி நேரும் சறுக்கல்கள்

உவமையை மற்றவருக்குப் பங்கிடுவது இவற்றில் முதன்மையானது. பரிசேயரும் வரிதண்டுபவரும் உவமையை வாசித்ததும் நாத்தனார் முகம் நினைவுக்கு வருகிறது. இந்த மூத்த மகன் அப்படியே என் அண்ணன்தான் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றினால் சிரித்துக்கொள்ளுங்கள். பரிசேயரைப்போல் நான் இல்லை, ஆண்டவரே உமக்கு நன்றி என்று செபித்து முடிக்கும் அபாயம் அந்த உவமையில் எப்போதும் உண்டு.

ஒவ்வொரு பொருளுக்கும் மறைபொருள் தேடுவது அடுத்தது. புனித அகுஸ்தினார் நல்ல சமாரியர் உவமையை அப்படி விளக்கியிருக்கிறார்: சமாரியர் கிறிஸ்து, சாவடி திருச்சபை, சாவடிப் பொறுப்பாளர் திருத்தூதர் பவுல். அழகான வாசிப்பு, நூற்றாண்டுகளாகத் திருச்சபை அதைச் சுவைத்து வந்திருக்கிறது. சாலையோரம் கிடப்பவன் நான், எனக்காகக் குனிந்தவர் இயேசு என்று அதோடு செபிக்கலாம். ஆனால் எண்ணெய் எது, கழுதை எது என்று ஒவ்வொன்றாக விடை கண்டுபிடிக்கத் தொடங்கினால் செபம் புதிர்ப்போட்டியாகிவிடும்.

உவமையில் வரும் அதிகாரமுள்ள ஆள் எல்லாரும் கடவுள் என்று எடுத்துக்கொள்வதும் சிக்கலில் விடும். லூக்கா 18இல் கைம்பெண்ணின் தொல்லை தாங்காமல் நீதி வழங்கும் நடுவர் கடவுளுக்குப் பயப்படாதவர். அந்த ஆளே இதைச் செய்தால் தந்தை எவ்வளவு செய்வார் என்பதே கதையின் திருப்பம். இதைத் தவறவிட்டவர்கள், கடவுளை நச்சரித்தால்தான் இறங்குவார் என்று நினைத்து நவநாள்களை எண்ணிக்கையால் அளக்கிறார்கள்.

வேறொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வெளி இருள், பற்கடிப்பு, அடைக்கப்பட்ட கதவு என்று முடியும் உவமைகள் சிலருக்குக் கிலியூட்டும். எத்தனை முறை ஒப்புரவு அருள்சாதனம் பெற்றாலும் பாவம் மன்னிக்கப்படவில்லையோ என்று வாடுபவர்கள், மத்தேயு 25இல் தொடங்க வேண்டாம். அவர்களுக்கு லூக்கா 15. அதில் மகன் தயாரித்து வைத்திருந்த உரையை முழுதாகச் சொல்லி முடிக்கத் தந்தை விடவே இல்லை என்ற இடத்தில் உட்காருங்கள். வழக்கமாகப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவிடமோ, ஆன்மிக வழிகாட்டியான அருட்சகோதரியிடமோ மனம்விட்டுப் பேசுங்கள். பயத்தோடு தனியாக மல்லுக்கட்டுவது செபமாகாது.

குறிப்பேடும் அன்பியமும்

செபம் முடிந்ததும் எழுந்து, வேறோர் இடத்தில் உட்கார்ந்தோ நடந்துகொண்டோ அந்த நேரம் எப்படிப் போனது என்று பாருங்கள். எங்கே மனம் ஒட்டியது, எங்கே விலகியது, எந்த வார்த்தையில் நின்றது? இரண்டு மூன்று வரி எழுதினால் போதும். அழகாக எழுத வேண்டாம். அடுத்த நாள் எங்கே திரும்ப வேண்டும் என்பதற்கான அடையாளம் அது, அவ்வளவுதான். பிறர் கையில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பியக் கூட்டத்தில் இதைச் செய்ய விரும்பினால் ஒரே உவமையை முன்வாரமே சொல்லிவிடுங்கள். வீட்டில் செபித்துவிட்டு வரட்டும். கூட்டத்தில் ஒருவர் பகுதியை வாசிக்க, சற்று நேரம் அமைதி. பின்பு ஒவ்வொருவரும் எந்த இடம் என்னைத் தொட்டது, எந்த இடம் உறுத்தியது என்று மட்டும் சொல்லட்டும். ‘நாம் எல்லாரும்’ என்று தொடங்கும் வாக்கியம் வந்தால் அது மறையுரையாகப் போகிறது என்று அர்த்தம். நடத்துபவர் மென்மையாக ‘உங்களுக்கு எப்படி இருந்தது அக்கா?’ என்று திருப்பலாம். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் அறிவுரை சொல்லக் கூடாது. பேசவே விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. தேநீர் நேரத்தில் அந்தப் பேச்சைத் தொடரவும் கூடாது. இந்தக் கடைசி விதி பின்பற்றக் கடினமானது என்பதை எல்லா அன்பியப் பொறுப்பாளர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்த உவமை

திருவழிபாட்டு ஆண்டையே வழித்துணையாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. ஆண்டு எண் மூன்றால் மீதியின்றி வகுபட்டால் அது லூக்காவின் ஆண்டு. அடுத்தது மத்தேயு, அதற்கடுத்தது மாற்கு. ஒவ்வொரு திருவழிபாட்டு ஆண்டும் திருவருகைக் காலத்தோடு தொடங்குகிறது என்பதால் அப்போதிலிருந்து டிசம்பர் முடியும்வரை மட்டும் கணக்கு ஓராண்டு முந்திக்கொள்ளும். மத்தேயு ஆண்டில் பொதுக்காலம் 15 முதல் 17ஆம் ஞாயிறு வரை விதைப்பவர், களைகள், புதையல், முத்து வரும். 24ஆம் ஞாயிறு மன்னிக்க மறுத்தவர், 25ஆம் ஞாயிறு தோட்ட வேலையாள்கள். லூக்கா ஆண்டின் தவக்காலம் நான்காம் ஞாயிறு காணாமற்போன மகன், பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு நல்ல சமாரியர். ஞாயிறு வாசகத்தை அதற்கு முந்தின திங்களே எடுத்துக்கொண்டு வாரம் முழுதும் செபித்துவிட்டுத் திருப்பலிக்குப் போனால், வாசகம் உங்களுக்குப் பழகிய குரலாகக் கேட்கும்.

லூக்கா 16இல் வரும் நேர்மையற்ற வீட்டுப் பொறுப்பாளரை ஓரிரு ஆண்டு தள்ளிப்போடலாம். அறிஞர்களையே திணறடிக்கும் உவமை அது. மாற்கு ஆண்டில் உவமைகள் குறைவு என்றாலும் 11ஆம் ஞாயிறு தானாக வளரும் விதை வருகிறது. மாற்கு நற்செய்தியில் மட்டுமே உள்ள, நான்கே வசனங்கள் கொண்ட உவமை (4:26-29). விதைத்தவர் தூங்குகிறார், எழுகிறார், பயிர் எப்படி வளர்கிறதென்று அவருக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் தாமே இழுத்துப்போட்டுச் செய்யும் சுபாவம் உள்ளவர்களுக்கு அந்தத் தூக்கம் உறுத்தும். அவர்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும்.